எதைத் தோண்ட வேண்டாம் என்று சொல்லும் கருவி

1881 ஜூலை 2ஆம் தேதி காலை, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். குண்டு கிடைக்கவில்லை, சீழ்தான் வைத்தது.

அதே ஊரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். தொலைபேசிக்கு அவர் காப்புரிமை வாங்கி அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. உடம்பைக் கிழிக்காமல் மின்சாரத்தால் குண்டு இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா என்று வானியல் அறிஞர் சைமன் நியூகோம் யோசிப்பதாகப் பத்திரிகையில் படித்ததும், பெல் தானும் அந்த வேலையில் இறங்கினார். உதவியாளர் சம்னர் டெய்ன்டரும் அவரும் இரவு பகலாகச் சுருள் சுற்றினார்கள். இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் விட்டு விட்டுப் பாயும் மின்சாரம். மற்றதன் முனையில் தொலைபேசிக் குழல். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு ஏறினாற்போல நகர்த்திக்கொண்டே போனால், ஒரு நிலையில் குழலில் சத்தம் அடங்கிவிடும். அந்த அமைதியின் அருகே ஓர் உலோகத் துண்டு வந்தால் சமநிலை கெட்டுக் குழல் மறுபடியும் முனகும். மூடிய கைக்குள் வைத்த குண்டு, ஈரத் தவிட்டுக்குள் புதைத்த குண்டு, மாட்டிறைச்சிக்குள் செருகிய குண்டு என்று எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டை இன்னும் உடம்பில் சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களும் வந்து உட்கார்ந்து உதவினார்கள். கருவி வேலை செய்தது.

ஜூலை 26 அன்றும் ஆகஸ்ட் 1 அன்றும் அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார்கள். முதல் தடவை இணைப்பில் நேர்ந்த ஒரு பிசகால் குழலில் இரைச்சல் மட்டும் கேட்டது. இரண்டாம் தடவை மெல்லிய ஒலி வந்தது. ஆனால் ஒரு புள்ளியில் குவியாமல் பரவலாக வந்தது. அதிபர் படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் தெரிந்தது. பழியைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பி மேலேயே போட்டார்கள். பெல் அப்படி விட்டுவிடவில்லை. அதே மாதிரி ஒரு கம்பி மெத்தையை வரவழைத்துச் சோதித்தார். அது பெரிதாகக் கெடுத்திருக்காது என்றே முடிவுக்கு வந்தார். தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்ற தம் கணிப்பை விட்டு நகரவில்லை, வலப்பக்கம்தான் தேடப்பட்டது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால் இருந்தது.

மெட்டல் டிடெக்டரின் கதையைச் சொல்பவர்கள் இங்கேதான் தொடங்குவார்கள். எனக்கென்னவோ இரண்டு ஆண்டு பின்னால் போய்த் தொடங்குவதுதான் நியாயம் என்று படுகிறது. பெல் பயன்படுத்திய தத்துவம் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் 1879இல் லண்டனில் செய்து காட்டியது. தூண்டல் தராசு என்று அதற்குப் பேர். ஹியூஸ் அதை வைத்து எதையும் தேடவில்லை. நாணயங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் நல்ல காசு, மறுபக்கம் கள்ளக்காசு வைத்தால் குழல் காட்டிக்கொடுத்துவிடும். எந்த உலோகம் எவ்வளவு சத்தம் எழுப்புகிறது என்று வரிசைப்படுத்தியும் வைத்தார். வெள்ளி மேலே இருந்தது, ஈயம் கீழே கிடந்தது. பெல் தேடிய குண்டும் ஈயம்தான்.

ஆக, உலோகத்தை உணரும் வித்தையும் ஓர் உலோகத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் வித்தையும் ஒரே தொட்டிலில் பிறந்தவை. முதலாவது சீக்கிரம் வளர்ந்துவிட்டது. இரண்டாவது இன்றைக்கும் தடுமாறுகிறது. தேடுவது கிடைக்காமல் போவதற்கு, அதைச் சுற்றிலும் தேடாதது நிறையக் கிடப்பதே பெரும்பாலும் காரணம். நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாக இந்தக் கருவி கற்றுக்கொண்டு வந்தது குப்பையை ஒதுக்கும் பாடத்தைத்தான்.

கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் டிடெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பெருமை கெர்ஹார்ட் ஃபிஷருக்கு உண்டு. ஜெர்மனியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடியேறிய ரேடியோப் பொறியாளர். வானொலி அலையை வைத்து விமானத்துக்குத் திசை காட்டும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தபோது, சில இடங்களில் திசை தப்பிப்போவதைக் கவனித்தார். பெரிய உலோகக் கட்டடமோ மண்ணுக்குள் தாதுப் படிவமோ இருந்த இடங்கள் அவை. வேறொருவராக இருந்தால் அந்தப் பிழையைத் திருத்திவிட்டு நகர்ந்திருப்பார். ஃபிஷர் அந்தப் பிழையையே கருவியாக்கினார். 1931இல் பாலோ ஆல்டோவில் ஒரு கார் கொட்டகையில் நிறுவனம் தொடங்கினார். 1937இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு மரப்பெட்டிகள், நடுவில் கட்டை, காதில் குழல். தாது தேடுவோரும், புதைத்த குழாயைத் தேடும் நகராட்சி ஆட்களும் வாங்கினார்கள். பெரிய பொருளுக்கு அது போதும். சிறு பொருள், அதுவும் பல சிறு பொருள்களுக்கு நடுவே ஒரு சிறு பொருள் என்றால் அது திணறும்.

அந்தச் சிக்கலை இரண்டாம் உலகப் போர் கொண்டுவந்தது. ஹிட்லர் போலந்தைப் பிடித்தபின் தப்பி வந்த போலந்துப் படை ஸ்காட்லாந்தில் முகாமிட்டிருந்தது. அதில் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற இளம் பொறியாளர் இருந்தார். கண்ணிவெடியைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் கேட்டபோது, வந்த மாதிரிகளில் தேர்வானது அவருடையதுதான். முழுக் கருவியும் 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிப்பாய் தனியாகத் தூக்கி வீசி நடக்கலாம். 1942 இலையுதிர் காலத்தில் எகிப்தின் எல் அலமெய்ன் மணலில் ஜெர்மானியத் தளபதி ரோமல் சுமார் 5 லட்சம் கண்ணிவெடிகளைப் பதித்து வைத்திருந்தபோது, இந்தக் கருவிகள் 500 அங்கே போய்ச் சேர்ந்தன. மணிக்கு 100 மீட்டர் என்று ஊர்ந்துகொண்டிருந்த முன்னேற்றம் 200 மீட்டர் ஆனது என்பார்கள். கொசாட்ஸ்கி காப்புரிமை கேட்கவில்லை. கருவியை அப்படியே கொடுத்துவிட்டார். மன்னரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. குடும்பம் ஜெர்மானியர் பிடியிலிருந்த போலந்தில் இருந்ததால், அவர் பேர் போர் முடியும்வரை வெளியே வரவில்லை. இந்தக் கதையில் வரும் எல்லாரிலும் எனக்கு அதிகம் மதிப்பு இவர் மேல்தான்.

எதிரியும் சும்மா இருக்கவில்லை. இரும்பைத் தேடும் கருவி வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஜெர்மானியர் மரப்பெட்டியில் வெடி செய்தார்கள், கண்ணாடியில் செய்தார்கள். வெடிக்கச் செய்யும் சிறு குமிழிலும் ஊசியிலும் மட்டும் கொஞ்சம் உலோகம். அதைக் கேட்க வேண்டுமானால் கருவியின் காதை இன்னும் கூர்மையாக்க வேண்டும். கூர்மையாக்கினால் சண்டை நடந்த மண்ணில் விழுந்த ஒவ்வொரு ஷெல் சிதறலுக்கும் ஒவ்வொரு தோட்டா உறைக்கும் அது கத்தும். வெடியில் இருக்கும் உலோகத்தைவிடக் குப்பையில் இருக்கும் உலோகம் அதிகம். குப்பையே வெடிக்குப் போர்வையாகிவிட்டது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போர் முடிந்து, மிச்சமான ராணுவ டிடெக்டர்கள் அமெரிக்காவில் மலிவாக விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்கள் பழைய பூங்கா, பள்ளி மைதானம், கடற்கரை என்று காசு தேடிப் புறப்பட்டார்கள். நல்ல காலம் பார்த்துத்தான் புறப்பட்டார்கள்: 1964 வரை அடித்த அமெரிக்கப் பத்து சென்ட், கால் டாலர் காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி. ஆனால் அதே ஆண்டுகளில் அவர்களுக்கு ஓர் எதிரியும் பிறந்தான். ஒஹாயோவைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் என்பவர் 1959இல் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனபோது டின் திறப்பானை மறந்துவிட்டார். காரின் பம்பரில் குத்திப் பீர் டின்னைத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில் யோசித்து, டின்னோடு ஒட்டிய ஒரு வளையத்தை இழுத்தால் மூடி கிழிந்து வரும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார். 1960களின் தொடக்கத்திலேயே அது பீர் டின்களில் வந்துவிட்டது. குடிப்பவர் இழுப்பார், வளையத்தைக் கீழே போடுவார். அலுமினியம் துருப்பிடிக்காது, மக்காது. வளையம் டின்னோடேயே தங்கும்படி டேனியல் கட்சிக் 1975இல் வேறொரு மூடியைக் கொண்டுவரும்வரை, அமெரிக்காவின் புல்வெளியிலும் மணலிலும் கோடிக்கணக்கில் இந்த வளையங்கள் விழுந்தபடியே இருந்தன. அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. எந்தப் பூங்காவில் டிடெக்டரை வீசினாலும் முதலில் கேட்பது அவைதான்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். சுருளில் அலைபாயும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது ஓர் உலோகத்தைத் தொட்டால், அந்த உலோகத்தின் மேல்தோலில் சுழல் மின்னோட்டம் எழும். அந்தச் சுழல் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி கேட்பது அதைத்தான். பதில் உடனே வராது. சற்றுப் பிந்தி வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும். கனமான வெள்ளிக் காசில் சுழல் எளிதில் அடங்காது, அதனால் பதில் நன்றாகப் பிந்துகிறது. சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய ஈயத்தாளில் சுழல் எழுந்த சுருக்கில் செத்துவிடும், பதில் சீக்கிரம் வந்துவிடும். இரும்பு ஆணி தானே கொஞ்சம் காந்தமாகிவிடுவதால் அதன் பதில் வேறு திசையிலிருந்து வருகிறது. இந்தப் பிந்துதலை அளந்து, இன்னின்ன அளவுக்குள் வந்தால் ஒலி எழுப்பாதே என்று கருவிக்குச் சொல்லிவைத்தால், ஆணியும் ஈயத்தாளும் கேட்காமல் போகும். காசு மட்டும் கேட்கும். 1970களிலும் 80களிலும் இந்த வேலையைச் செய்து முடித்த அமெரிக்கப் பொறியாளர்களில் ஜார்ஜ் பெய்ன் முதன்மையானவர். ஒதுக்குவதோடு நிற்காமல், மண்ணுக்குள் கிடப்பது இன்னதாக இருக்கலாம் என்று முள் காட்டும் மீட்டரையும் அவர் கொண்டுவந்தார். இன்று திரையில் தெரியும் எண்கள் அந்த முள்ளின் வாரிசுகள்.

அந்த எண்களை வரிசையாகப் படித்தால் சிக்கல் விளங்கும். அடியில் இரும்பு. அதற்கு மேல் ஈயத்தாள். பிறகு அமெரிக்க ஐந்து சென்ட் காசு; 75 பங்கு செம்பு, 25 பங்கு நிக்கல். அதை ஒட்டியே அலுமினிய வளையம். பிறகு துத்தநாகம், செம்பு, உச்சியில் வெள்ளி. தங்கம் எங்கே என்று கேட்டால் அதற்கென்று ஓர் இடம் கிடையாது. மெல்லிய தங்கச் சங்கிலி ஈயத்தாளோடு போய் உட்காரும். ஒரு பெண்ணின் விரல் மோதிரம் அச்சு அசலாக அந்த அலுமினிய வளையத்தின் எண்ணையே காட்டும். கனமான ஆண் மோதிரம் இன்னும் மேலே போகும். எத்தனை காரட், எத்தனை கிராம், வளையம் முழுதாக இருக்கிறதா அறுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து எங்கு வேண்டுமானாலும் இருக்கும். பீர் வளையத்தை ஒதுக்கச் சொன்னால் கருவி கல்யாண மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. கடத்துதிறனும் அளவும் வடிவமும் மட்டும்தான் அதற்குத் தெரியும். குப்பை, புதையல் என்ற இரண்டும் நாம் வைத்த பேர்கள்.

இன்னொரு தொல்லை இதைவிடப் பெரிது. பழைய வீடு இடிந்த மனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருளின் அகலத்துக்குள் ஏழெட்டு ஆணி கிடக்கும். நடுவில் ஒரு வெள்ளிக் காசு. சுருள் ஆணியைத் தாண்டும்போது, இரும்பை ஒதுக்கச் சொல்லியிருப்பதால் கருவி வாயை மூடிக்கொள்கிறது. மூடிய வாயைத் திறக்க ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்துக்குள் சுருள் காசைத் தாண்டி அடுத்த ஆணிக்குப் போய்விடும். காசு இருந்ததாகவே தெரியாது. இந்தத் தொழிலில் பழகியவர்கள் அதனால் கருவியைக் கேட்கும் விதத்தையே மாற்றிக்கொண்டார்கள். பெரிய சுருளைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சுருளை மாட்டுவார்கள். ஒரு நேரத்தில் குறைவான பொருளே அதன் கீழ் அகப்படும். ஒதுக்கும் அளவைக் குறைத்துவிட்டு, இரும்பின் கரகரப்பையும் காதால் கேட்டுக்கொண்டே போவார்கள். அந்தக் கரகரப்புக்கு நடுவில் ஒரு கீச்சு எட்டிப் பார்த்தால் நிற்பார்கள். நின்ற இடத்தில் 90 பாகை திரும்பி, குறுக்கே வீசிப் பார்ப்பார்கள். நீட்டுவாக்கில் ஆணி மறைத்த காசு குறுக்குவாக்கில் கேட்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் தோண்டலாம். ஒரு பக்கம் கீச்சு, மறுபக்கம் கரகரப்பு என்றால் துருப்பிடித்த ஆணியின் முனையாக இருக்கும். தட்டையான இரும்பு வாஷரும் சோடா மூடியும் இதிலும் ஏமாற்றும். அவை தம் வட்ட வடிவத்தால் காசுபோலவே பேசும். பிரான்சின் எக்ஸ்பி, ஆஸ்திரேலியாவின் மைன்லேப் போன்ற நிறுவனங்கள், வாய் மூடித் திறக்கும் நேரத்தைக் குறைப்பதிலும் ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளில் கேட்பதிலும்தான் பின்னாளில் போட்டி போட்டன. ஆழத்தைவிட இந்த வேகம்தான் குப்பை மண்டிய இடத்தில் சோறு போடுகிறது.

ஒதுக்குவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிப்போனார். கிடைத்தது ரோமானியப் பொன்னும் வெள்ளியும். கிட்டத்தட்ட 15 ஆயிரம் நாணயங்கள். அள்ளிக்கொண்டு போகாமல் பாதியில் நிறுத்தித் தகவல் சொன்னார், அதனால் தொல்லியலாளர்கள் அதை ஒழுங்காக வெளியே எடுக்க முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தேடிப்போனது இரும்பை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். காசு வேட்டைக்காரர்கள் முதலில் ஒதுக்குவது அதைத்தானே.

அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. 1876இல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படையை லக்கோட்டா, ஷெயென் பழங்குடி வீரர்கள் அழித்த மேட்டு நிலம் அது. 1983இல் காட்டுத் தீ புல்லையெல்லாம் எரித்துவிட, அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் டிடெக்டர் வைத்திருந்த தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி நடக்கவைத்தார்கள். கேட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறு கொடி. தோட்டா உறை, ஈயக் குண்டு, அம்பு முனை, பித்தான், லாட ஆணி எதுவாக இருந்தாலும் இருந்த இடத்திலேயே அளந்து குறித்தார்கள். உறையின் அடியில் துப்பாக்கி ஊசி பதித்த தடத்தை உருப்பெருக்கியில் பார்த்து, ஒரே துப்பாக்கி எங்கெங்கே நகர்ந்து சுட்டது என்றுகூடத் தொடர முடிந்தது. காசு தேடுபவர் உதறித் தள்ளும் சாமான்களிலிருந்து ஒரு சண்டையின் போக்கு எழுந்து வந்தது.

லாவோஸ் கிராமங்களில் கதை தலைகீழ். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வயலில் அந்த இரும்பு கிடக்கிறது. இரும்புக்கு விலை இருக்கிறது. ஏழைகள் மலிவான டிடெக்டரை வாங்கிக்கொண்டு காயலாங்கடைக்குப் போடும் துண்டுகளைத் தேடி நடக்கிறார்கள். அவர்களுக்குக் குப்பைதான் சரக்கு. வெடிக்காத கொத்துக்குண்டு அந்தச் சரக்கோடு கலந்து கிடக்கிறது. ஒரு சிறு பந்தின் அளவுதான் இருக்கும், குழந்தைகளும் எடுத்துவிடுகிறார்கள்.

போர் விட்டுச்சென்ற முடிச்சுக்கு இப்போது வருகிறேன். கம்போடியாவில் 1992க்கும் 1998க்கும் இடையில் கண்ணிவெடி அகற்றுவோர் தோண்டி எடுத்த உலோக உருப்படிகள் சுமார் 20 கோடி. அவற்றில் மிதிவெடியோ வேறு வெடிபொருளோ 5 லட்சத்தைத் தாண்டவில்லை. ஒன்றுக்கு நானூறு. அந்த நானூறையும், உள்ளே இருப்பது வெடி என்று நினைத்தே மண்டியிட்டு, விரல் விரலாகத் தோண்ட வேண்டும். பூங்காவில் காசு தேடுபவர் வளையம் என்று நினைத்து ஒன்றை விட்டால், போவது ஒரு மோதிரம். இங்கே விட்டால், பின்னால் வரும் ஒருவரின் கால். அதனால் நாணய வேட்டைக்காரர்கள் அரை நூற்றாண்டு உழைத்து வளர்த்த அந்த ஒதுக்கும் திறமை முழுவதையும் இவர்கள் அணைத்துவைக்க வேண்டியிருக்கிறது.

நம்மவர்களின் மண்ணிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது: இலங்கையின் ஏ9 வீதியில், பளைக்கு வடக்கே முகமாலை. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு விழுந்த பிறகு, 2009 தொடக்கம்வரை இலங்கை ராணுவமும் புலிகளும் எதிரெதிரே முன்னரங்கு அமைத்து நின்ற குறுகிய நிலப்பட்டி அது. இரண்டு பக்கமும் மிதிவெடி விதைத்தார்கள். பாகிஸ்தானில் செய்த பிளாஸ்டிக் வெடிகள் ஒரு பக்கம், புலிகள் தாங்களே செய்த ஜொனி போன்றவை மறுபக்கம். அவற்றில் சிலவற்றில் உலோகம் ஒரு கிராம்கூடத் தேறாது. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் ஷெல் விழுந்தது. சிதறல், தோட்டா உறை, முள்ளுக்கம்பி, காப்பரண் தகரம், உணவு டின் என்று அத்தனையும் அந்த மணலில் கலந்தது. உலகத்திலேயே மிக அடர்த்தியான கண்ணிவெடி வயல்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள்.

அங்கே வேலை செய்பவர்களில் பலர் அந்தப் பகுதிப் பெண்கள். போரில் கணவரை இழந்து வீட்டைத் தாங்குபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். காலையில் முதல் வேலை கருவியைச் சோதிப்பது. மிகக் குறைந்த உலோகமுள்ள மிதிவெடிக்கு நிகரான ஒரு சோதனைத் துண்டை வைத்து, கருவி அதைக் கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாதைக்குள் இறங்கலாம். முகத்துக்குக் கனத்த பிளாஸ்டிக் கவசம், மார்புக்குக் காப்பு அங்கி. அந்த வெயிலில் அதற்குள் வியர்வை ஓடுகிறது. பாதை ஒரு மீட்டர் சொச்சம் அகலம். புல்லைக் கத்தரித்து எடுத்து, சுருளைத் தரையோடு ஒட்டினாற்போல் மெல்ல வீச வேண்டும். சத்தம் வந்தால் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு குறிக்குச் சற்று முன்னாலிருந்தே தோண்டத் தொடங்கி, பக்கவாட்டில் மண்ணைச் சீவிக்கொண்டே நெருங்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும் சாமான் அது, பக்கத்திலிருந்து போனால் பொறுத்துக்கொள்ளும். பெரும்பாலும் கைக்கு வருவது நகத்தளவு சிதறல் துண்டு. அதை எடுத்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் மறுபடி சுருளை வீச வேண்டும். சிதறலுக்கு அடியிலேயே வெடி இருக்கலாம். ஆணிக்கு அடியில் காசு மறைந்த அதே மறைப்புத்தான், அதனால் இரண்டாவது தடவைக் கேட்பில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகப் போனால் சில இடங்களில் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர்கூட முடியாது. கருவி ஓயாமல் கத்தினால் அது இருந்தும் இல்லாததுபோல்தான். அந்த நெருக்கடியில் யாழ்ப்பாணத்து மணலில் ஒரு வழி பிறந்தது. நோர்வே மக்கள் உதவி அமைப்பு 2000களின் தொடக்கத்தில் அதை ஒழுங்குபடுத்தியது. நீண்ட கைப்பிடியுள்ள இரண்டு வாரிகள்: கனமான வாரி மண்ணை இளக்க, மெல்லிய கம்பி வாரி இளகிய மண்ணைத் தன்பக்கம் இழுக்க. குறித்த ஆழம்வரை முழு மண்ணையும் வாரி இழுத்துவிட்டால் வெடி, சிதறல், ஆணி எல்லாமே பக்கவாட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். எது உலோகம் என்று கேட்க வேண்டியதே இல்லை. சருகு கூட்டுகிற சாமானை வைத்து வெடி எடுப்பதா என்று முதலில் கேட்பவர் திகைப்பார். ஆனால் அந்த மணல் இளகியது, வெடிகள் ஆழமில்லாமல் புதைக்கப்பட்டவை. அந்த மண்ணை அறிந்தவர்கள் அந்த மண்ணுக்கென்றே கண்டுபிடித்த வழி இது. பெல்லின் சுருளுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை நான் இந்த வாரிக்கும் கொடுப்பேன்.

வேறு வழிகளையும் முயன்றார்கள். மெட்டல் டிடெக்டரோடு தரையை ஊடுருவும் ராடாரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்த கருவியை அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. கம்போடியாவில் 2006 முதல் கண்ணிவெடி அகற்றுவோரும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உலோகம் கத்துகிற இடத்தில், வெடியின் உடம்பு அளவுக்கு வேறொரு பொருளும் இருக்கிறதா என்று ராடார் சொல்லும். இல்லையென்றால் சிதறல் என்று விட்டுவிடலாம். பயிற்சி நிறைய வேண்டும். ஈர மண்ணில் ராடார் தடுமாறும். பெல்ஜியத்தைச் சேர்ந்த பார்ட் வீட்ஜென்ஸ் 1997இல் தொடங்கிய அமைப்பு, உலோகத்தையே மறந்துவிட்டு ஆப்பிரிக்கப் பெரும்பை எலிகளுக்கு வெடிமருந்தின் வாசனையைப் பழக்கியது. எலிக்கு ஆணியும் தெரியாது, சிதறலும் தெரியாது. அதன் மூக்குக்கு மருந்து மட்டும்தான். மகாவா என்ற எலி கம்போடியாவில் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிபொருள்களைக் காட்டிக்கொடுத்தது, 2020இல் அதற்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் நாட்டின் நிலம் முழுவதும் துப்புரவாக்கப்பட வேண்டும். அகற்றி முடித்த காணிகளில் பளைப் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பிக் குடியேறி, தென்னை வைத்துக் கிணற்றை இறைத்திருக்கிறார்கள். மீதமிருக்கும் காணிகளில் வாரியும் சுருளும் மாறி மாறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.